கீழே இருக்கும் பட்டை

ஆய்வகத்தில் முதல் வருடம் நான் அதிகம் பார்த்த முகம் எல்சி3 என்ற குட்டிப் புரதம்தான். செல் தன் பாகங்களையே பிரித்துத் தின்னும் ஆட்டோஃபேஜியை அளக்க இதைத்தான் பார்ப்போம். புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டுப் பிரித்துப் பார்க்கும் வெஸ்டர்ன் பிளாட்டில் இரண்டு பட்டைகளாக வரும். கீழே இருக்கும் எல்சி3-2வில் கொழுப்பு மூலக்கூறு ஒன்று ஒட்டியிருக்கும். எடை கூடினாலும் ஜெல்லில் வேகமாக ஓடும். கொஞ்சம் அசந்தால் சாயத்தோடு சேர்ந்து ஜெல்லை விட்டே போய்விடும். அப்படி இரண்டு ஜெல் போயிருக்கிறது.

நாங்கள் வளர்த்தது கிளியோபிளாஸ்டோமா செல்களை. மூளைக் கட்டிகளில் பொல்லாதது இது. பல கட்டிகளில், வளர்ச்சிச் செய்தியை வாங்கும் ஈஜிஎஃப்ஆர் ஏற்பி ஏராளமாக இருக்கும். சிலவற்றில் அதன் வெளிப்பகுதியில் ஒரு துண்டு குறைந்திருக்கும். வளர்ச்சிக் காரணி வந்து தொடாமலே "வளர், வளர்" என்று நச்சரித்துக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி பிஐ3கே, ஏகேடி என்ற நொதிகள் வழியாக, வளர்ச்சியை முடுக்கும் எம்டார் நொதிக்குப் போகும். நடுவில் பிரேக் போட வேண்டிய பிடென் புரதம் பல கட்டிகளில் காணாமல் போயிருக்கும். எம்டார் சுறுசுறுப்பாக இருக்கும்வரை ஆட்டோஃபேஜியைத் தொடங்கிவைக்கும் யுஎல்கே1 நொதி அடங்கியே கிடக்கும்.

சரி, அப்படியானால் கட்டிக்குள் ஆட்டோஃபேஜியே நடக்காதா? நடக்கும். கட்டியின் நடுவே ரத்தம் போதாமல் ஆக்சிஜனும் குளுக்கோஸும் குறையும்போது, செல் தன் பழைய மைட்டோகாண்ட்ரியாவையே பிரித்துத் தின்று பிழைத்துக்கொள்ளும். டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்தைக் கொடுத்தாலும் பல செல்கள் இதே வழியைப் பிடிக்கின்றன. கெட்டுப்போன பாகங்களை அகற்றி, புற்று உருவாகாமல் காக்க உதவும் வேலைதான், கட்டி வளர்ந்தபின் அதற்கே சோறு போடுகிறது. இந்த முரண்தான் என்னை இந்தத் துறைக்கு இழுத்தது.

ஒருநாள் மருந்து கொடுத்த செல்களில் எல்சி3-2 பட்டை தடிமனாக வந்தது. ஆட்டோஃபேஜி கூடிவிட்டது என்று ஸ்லைடில் மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டுவிட்டேன். சீனியர் அக்கா பிளாட்டைப் பார்த்துவிட்டு, "பி62 பாத்தியா?" என்றார். பார்த்தேன். அதுவும் கூடியிருந்தது! தின்று தீர்க்கப்பட வேண்டிய புரதம் அது. தேங்கியிருக்கிறதென்றால் பெரும்பாலும் கடைசிக் கட்டத்தில் அடைப்பு. தொட்டியில் தண்ணீர் ஏறுகிறது என்றால் குழாய் திறந்திருக்கலாம், வடிகால் அடைத்தும் இருக்கலாம். அப்புறம், செல்லின் செரிமானப் பையான லைசோசோமை முடக்கும் பஃபிலோமைசினைச் சேர்த்துப் பார்த்தோம். வடிகால் திறந்திருந்தால், அதை அடைத்ததும் எல்சி3-2 பட்டை ஏறியிருக்க வேண்டும். துளிகூட ஏறவில்லை. ஏற்கெனவே அடைத்துத்தான் இருந்திருக்கிறது.

அடைப்பது நல்லதுதானே என்று தோன்றும். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மருந்து செய்வது அதைத்தான். கதிர்வீச்சு, டெமோசோலோமைடுடன் அதைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. நாளுக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் நோயாளிகளின் உடல் தாங்கவில்லை. அந்த அளவில் ஆட்டோஃபேஜி எல்லோருக்கும் சீராக அடங்கவில்லை, ஆயுளும் கூடவில்லை. தட்டில் இருக்கும் செல்லுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், மனிதருக்கு முடியாதே.

இப்போது ஒவ்வொரு ஜெல்லிலும் பஃபிலோமைசினுக்கு லேன் ஒதுக்கிய பிறகுதான் மற்றதை எழுதுகிறேன். அந்தப் பழைய ஸ்லைடை இன்னும் அழிக்கவில்லை.