அப்பத்தாவின் பை

சுண்டைக்காய் வற்றல் கேட்டேன். இரண்டாம் கட்டில் ஆணியில் தொங்கிய ஒரு பையை எடுத்து வந்தார் அப்பத்தா.

எழுத்து பாதி உதிர்ந்திருந்தது. மீதியைக் கூட்டிப் படித்தால், சுபிக்ஷா!

சென்னையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான்தான் காரைக்குடிக்குக் கொண்டு வந்திருப்பேன். ஒரு பக்கக் காது அறுந்து, அந்த இடத்தில் பழைய சேலைக் கிழிசலால் ஒரு முடிச்சு. அறுந்தது எப்போதோ, முடிச்சு மட்டும் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது.

சுபிக்ஷா மளிகைக் கடையில் ஏசி கிடையாது, பளபளப்பு கிடையாது. சின்னக் கடை, குறைந்த விலை. 1997இல் சென்னையில் தொடங்கி, 2008க்குள் நாடு முழுக்க 1,600 கடைகள். எல்லாம் கடனில் ஓடிய ஓட்டம். கையிருப்பு வற்றியதும் சரக்கு நின்றது, சம்பளம் நின்றது. 2009இல் மூடியாயிற்று.

வட்டிக்கணக்குப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரன் எனக்கே அன்றைக்கு அது பிடிபடவில்லை. சரி, விடுங்கள்.

“அந்தக் கடை இப்ப இல்லை அப்பத்தா. 1,600 கடையையும் மூடிட்டாங்க.”

வற்றலை அள்ளித் தட்டில் போட்டுவிட்டு, பையின் வாயைத் திரும்பவும் இறுக்கிக் கட்டினார்.

“அம்புட்டுக் கடையா? நிறுத்துப் போட எத்தனை புள்ளைக இருந்திருக்கும்! அதுகல்லாம் எங்கடா போச்சு?”