ஆடிக் காத்து அடங்கட்டும்

ஆடி 3
காத்து விடுவதாயில்லை. ரேடியோ ஆன்டெனாவுக்கான 10 மீட்டர் அலுமினியக் குழாயை இப்போது செங்குத்தாக நிறுத்தினால் கயிற்றோடு பிடுங்கிப் போட்டுவிடும். அதுவரை கம்ப்யூட்டரில் நிற்கட்டும்.

ஆடி 4
7.1 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 42.22 மீட்டர், அதில் கால் பங்கு 10.56. மாடலில் 10.2-இல் தொடங்கி, ரியாக்டன்ஸ் (ஆற்றலைச் செலவழிக்காமல் திருப்பியனுப்பும் எதிர்ப்பு) பூஜ்யமாகும்வரை நீளத்தைத் திருத்த வேண்டும். செங்குத்துக் கம்பியிலும் அதன் அடியிலிருந்து ஆரம்போல் விரியும் ரேடியல் கம்பிகளிலும் செக்மென்ட் (கணக்குக்காகப் பிரிக்கும் துண்டு) அரை மீட்டர். ஃபீட் (ரேடியோ மின்சாரம்) கொடுக்கும் செக்மென்ட்டும் அதை ஒட்டியவையும் ஒரே நீளத்தில் இல்லாவிட்டால் வரும் ஓம் கணக்கை நம்ப முடியாது.

ஆடி 5
ஆன்டெனா கணக்குப் போடும் நிரல் நெக்-2, அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 1981-இல் வந்தது. மண்ணில் புதைத்த கம்பியை அதனால் கணக்கிட முடியாது. செங்குத்தின் அடியை நேராக நிஜ மண்ணில் தொடவைத்தாலும் ஓடும், ஓர் எண்ணும் தரும். தப்பான எண். எச்சரிக்கை எதுவும் வராது, அதுதான் பயம். ரேடியல்களை மண்ணுக்கு 5 செ.மீ. மேலே வைத்து, மண்ணுக்கு, அதன் இழப்பையும் கணக்கில் எடுக்கும் சாமர்ஃபெல்ட்-நார்ட்டன் முறையைக் கொடுத்துவிட வேண்டும். அலைநீளத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு 4.2 செ.மீ.; அதற்குக் கீழே இறக்கவே கூடாது.

மினிநெக் மண் (இன்னொரு எளிய தரைக் கணக்கு) வேண்டாம். ஓம் கணக்கில் அது மண்ணைக் குறையற்ற கடத்தியாக எடுத்துக்கொள்ளும். ஒரு ரேடியல்கூட இல்லாமல் 36 ஓம் காட்டும்.

ஆடி 6
அப்படியும் மினிநெக் மண்ணில் ஓட்டிப் பார்த்தேன். 36.

ஆடி 9
எஸ்.டபிள்யூ.ஆர். (50 ஓம் கேபிளோடு ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்ற விகிதம்) 1:1 என்றதும் ஏன் எல்லோரும் வேலை முடிந்தது என்கிறார்கள்? கதிர்வீச்சு மின்தடை 36. மீட்டரில் 50 வந்தால் மிச்சம் 14 ஓம் மண்ணின் இழப்பு. 100 வாட் அனுப்பினால் 72 வெளியே போகும், 28 மண்ணைச் சூடாக்கும். ரேடியலைக் கூட்டக் கூட்ட ஓம் 36-ஐ நோக்கி இறங்கும், எஸ்.டபிள்யூ.ஆர். 1.4-க்கு ஏறும். ஏறட்டும். அந்த ஏற்றம்தான் நமக்கு வேண்டும்.

ஆடி 10
மண்ணை நீக்கி, கம்பி இழப்பையும் பூஜ்யமாக்கி ஓட்டினால் சராசரி கெயின் (எல்லாத் திசையிலும் வெளியேறும் ஆற்றல், கொடுத்ததில் எத்தனை பங்கு) 1.0 வரவேண்டும். 0.95-க்குக் கீழோ 1.05-க்கு மேலோ போனால் மாடலே கோணல்.

ஆடி 11
‘சராசரி மண்’ என்றால் கடத்துதிறன் மீட்டருக்கு 0.005 சீமென்ஸ், மின்கடவா மாறிலி 13. காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டுக்கு அது எப்படிப் பொருந்தும்? கடப்பாறை ஓர் அடி இறங்கினால் சுக்கான்கல்லில் முட்டுகிறது. 0.001-உம் 5-உம் கொடுத்து இன்னொரு தடவை ஓட்டணும். ஊகிப்பதைவிட அளப்பது மேல்: உறையில்லாத கம்பியில் ஒரு டைபோலை (இரு கை கொண்ட எளிய ஆன்டெனா) தரைக்கு 5 செ.மீ. மேலே முளையடித்துக் கட்டி, ஆன்டெனா அனலைசரில் ஓமும் ரியாக்டன்ஸும் குறித்து, மாடலில் அதே எண்கள் வரும்வரை மண்ணின் இரு மதிப்புகளையும் மாற்றுவது. மழைக்கு முன் ஒரு தடவை, ஐப்பசியில் ஒரு தடவை.

ஆடி 14
“மாடு மேயற எடத்துல கம்பிய விரிச்சா கால்ல சிக்கிக்குமுங்க” என்கிறார் மாடு மேய்ப்பவர். நியாயம். அப்படியானால் 3 மீட்டர் உயரத்தில் நாலு ரேடியல். மண்ணே இல்லாத வெட்டவெளிக் கணக்கில் கிடையாக வைத்தால் 22 ஓம் அளவு. சரித்து இறக்கினால் 50 பக்கம் ஏறும். ஆன்டெனாவுக்கு வரும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பின்னல் ஐந்தாவது ரேடியலாகிவிடும், அதையும் மாடலில் ஒரு கம்பியாகத் தரைவரை இறக்க வேண்டும். நிஜத்தில் அந்த மின்னோட்டத்தைத் தடுக்க, ஃபீட் அடியிலேயே 31-ஆம் ரக ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில் கேபிளை 12 சுற்று.

ஆடி 18
நோம்பி. காத்து ஓயவில்லை.

ஆடி 20
கிளுவை வேலியோரம் ஓடும் முள்கம்பியை மாடலில் சேர்த்தேன். நாலு ரேடியலும் சமமாகப் பங்கிட்டிருந்த மின்னோட்டம் வடக்கே மட்டும் மாறுகிறது. ரேடியல்களை 45 பாகை திருப்பிவைத்து ஓட்டணும். கல்தூண்களுக்கு இடையே எத்தனை மீட்டர் என்று முதலில்