கடன் மேசைக்கு இந்தப் பக்கம்

பேங்க் மேனேஜரான எனக்கு வந்த மாற்றல் ஆர்டரில் நகரி என்று போட்டிருந்ததைச் சொன்னதும், தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, அங்க தமிழ்ச் சபை இருக்கா?" என்பதுதான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் யார் எந்த ஊருக்குப் போனாலும் இதைத்தான் கேட்பார்கள். வீடு, தண்ணீர், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

நகரி தமிழ்நாட்டு எல்லையிலிருந்து கூப்பிடு தூரம். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. நகரியிலும் ஏகாம்பரகுப்பத்திலும் சத்திரவாடையிலும் விசைத்தறி ஓட்டுகிறவர்களில் பலர் வீட்டில் பேசுவது தமிழ்தான். அதனால் அந்நிய தேசத்துக்குப் போனது போலவே இருக்காது என்று தைரியம் சொல்லி அனுப்பினார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது. பஸ் போர்டு படிக்க முடியாது. வார்டு சசிவாலயம் என்கிற அரசு அலுவலகத்தில் ஒரு படிவம் நிரப்ப அடுத்தவர் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். என் மகள் பள்ளியில் தெலுங்கை அகர வரிசையிலிருந்து தொடங்கினாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவள் நோட்டிலேயே நானும் எழுதிப் பழகினேன். என் கணவருக்கு அரக்கோணத்தில் வேலை. காலையில் ரயில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வருவார்.

வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். "நீங்க ஜெபம் பண்றதுல எனக்கு ஒண்ணும் இல்லைம்மா. மைக் வைக்கக் கூடாது, கூட்டம் சேர்க்கக் கூடாது." நியாயமான பேச்சு. சரி என்றோம்.

வீட்டுக்குக் கீழே நாலு தறி. கரண்ட் இருக்கிற நேரமெல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால்தான் தெருவில் மனிதக் குரல் கேட்கும். பெண்கள் வாசலுக்கு வந்து உட்காருவார்கள். நான் இந்த ஊரைத் தெரிந்துகொண்டது பெரும்பாலும் கரண்ட் போன நேரங்களில்தான். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், முடிந்தால் அடுத்த பாவைப் பிணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகளை, பழைய நுனியும் புது நுனியுமாக, ஒவ்வொன்றாய் விரலால் முறுக்கிச் சேர்ப்பதை முதன்முதலில் பார்த்தபோது அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே தோன்றவில்லை. நூலும் பாவும் முதலாளியுடையது, ஓட்டுகிறவருக்குக் கூலி மட்டும். தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் வாங்கின முன்பணம் கழியும்வரை வேறு முதலாளியிடம் போக முடியாது. இதெல்லாம் வாசலில் உட்கார்ந்து கேட்டவை. மறுநாள் அதே ஆட்கள் வங்கியில் கடன் படிவத்தோடு என் எதிரில் நிற்பார்கள்.

எரேமியா 29ஆம் அதிகாரம், சிறைப்பட்டு பாபிலோனுக்குப் போனவர்களுக்குத் தீர்க்கதரிசி எழுதின கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், போய்ச் சேர்ந்த பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறார். ஊர் திரும்பும் நாளை எண்ணிக்கொண்டு ஒதுங்கி இருங்கள் என்று அவர் எழுதவில்லை. சின்ன வயதிலிருந்து வாசித்த பகுதிதான். நகரிக்கு வந்த பிறகு அது எனக்கே எழுதினதாகப் பட்டது.

இங்கே நாங்கள் சேர்ந்தது ஒரு சின்னச் சபை. ஆராதனை தெலுங்கில். பாட்டு இரண்டு மொழியிலும் உண்டு. புருஷோத்தம சௌதரியின் தெலுங்குக் கீர்த்தனையும் நம் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் வரும். வேலை மாற்றலில் வந்திருந்த தமிழ்க் குடும்பங்கள் சில, தனியாகத் தமிழ் ஆராதனை வேண்டும், அதற்கு நான் முன்னால் நிற்க வேண்டும் என்றார்கள். ஆயரோ என்னைச் சபைச் செயலாளராக இருக்கச் சொன்னார். பேங்க் மேனேஜர், படித்தவர், கணக்குத் தெரிந்தவர் என்பது இரு தரப்புக்கும் காரணம்.

இரண்டுக்கும் மாட்டேன் என்றேன். அதைத் தாழ்மை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மாற்றல் வேலையில் இருப்பவள் சில வருஷங்களில் போய்விடுவாள். சபையின் பொறுப்பை அவள் கையில் கொடுத்தால், அவள் போகும்போது சபை இன்னொரு மேனேஜரைத் தேடிக்கொண்டு நிற்கும். மேலும் அந்தப் பொறுப்புக்கு ஏற்ற ஆள் சபையிலேயே இருந்தார். வீட்டில் தார் சுற்றுகிற, அதாவது தறிக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுக்கிற, ஓர் அக்கா. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இரண்டு மொழியும் சரளம். யார் வீட்டில் சுகமில்லை என்றாலும் யாரும் சொல்லாமலே போய் நிற்பார். ரசீது எழுதிப் பழக்கமில்லை, பேரேடு போடத் தெரியாது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை சாயந்தரம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்காருவோம். முதலில் வரவு, செலவு. அப்புறம் ஞாயிறு காணிக்கை, வீடுகளில் சபைக்கென்று ஒதுக்கிவைக்கும் கைப்பிடியரிசி விற்ற பணம், கரண்ட் பில், எதற்கு ரசீது வேண்டும், எதற்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். சுற்றின தாரை எண்ணி முதலாளியிடம் கணக்கு ஒப்படைக்கிறவர் அவர். இது பிடிபட நேரமாகவில்லை. "நூல் கணக்குதானே மேடம் இதுவும்" என்றார். செயலாளராக அவரே நின்றார். கூலி வேலை பார்க்கிற பெண் கையில் சபைக் கணக்கா என்று வாய்விட்டே கேட்டவர்கள் உண்டு. சபைக் கூட்டத்தில் நான் எழுந்து, கணக்கு முழுவதையும் சரிபார்த்தேன், ஒரு ரூபாய் இடிக்கவில்லை, வங்கியில் இப்படி ஒரு பேரேடு வந்தால் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னேன். என் மேனேஜர் பதவியைச் சபைக்குள் நான் பயன்படுத்தியது அதற்கு மட்டும்தான். பெரியவனாக இருக்க விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்று மாற்கு 10இல் இயேசு சொல்வதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: ஊர் நமக்குத் தருகிற மதிப்பை, அது கிடைக்காதவர் பக்கம் கொண்டுபோய் வைப்பது.

தமிழ் ஆராதனைப் பேச்சு, வீட்டு ஜெபத்தைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம், ஞாயிற்றுக்கிழமை பிரிய வேண்டாம் என்று முடிந்தது. ஒரு குடும்பம் அதற்கு ஒப்பாமல் திருத்தணிச் சபைக்குப் போய்விட்டது.

இந்த விஷயத்தில் எனக்கு வழிகாட்டி அசரியா. வேதநாயகம் சாமுவேல் அசரியா எங்கள் பக்கத்து வெள்ளாளன்விளைக்காரர், 1874இல் பிறந்தவர். 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களாகவே மிஷன் வேலை நடத்துவதைப் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அதன் உறுதி. திருநெல்வேலிச் சபைகள் ஊழியரை அனுப்பிய இடம், அப்போது நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்னக்கல் பக்கம். முழுக்கத் தெலுங்கு. பிறகு அசரியாவே அங்கே போய், தெலுங்கு படித்து, அங்கேயே வாழ்ந்தார். 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அதன் பிறகும் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாய்ப் போய்க்கொண்டுதான் இருந்தார்.

1910இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில், எங்களுக்கு எவ்வளவோ கொடுத்திருக்கிறீர்கள், அன்பையும் கேட்கிறோம், சிநேகிதரைத் தாருங்கள் என்று மேல்நாட்டு மிஷனரிகளைப் பார்த்துக் கேட்டவர் அவர். தெலுங்கு ஊருக்கு வருகிற தமிழ்க் கிறிஸ்தவர்களிடமும் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. நாலைந்து தலைமுறைக் கிறிஸ்தவர்கள், சபை நடத்தத் தெரிந்தவர்கள் என்ற நினைப்போடு வருகிறோம். சிநேகிதராய் வருகிறோமா?

அதே அசரியா, ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலையில் கை வைத்து, நான் ஞானஸ்நானம் பெற்றவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ என்று சொல்லச் செய்வார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதின வார்த்தை. சுவிசேஷம் சம்பள ஊழியருடைய வேலை மட்டுமல்ல, ஒவ்வொரு விசுவாசியும் அதைச் சுமக்கிறார் என்பது அதன் பொருள். நான் அதை முழுமனதோடு நம்புகிறேன். நம்பிக்கொண்டே, வங்கியில் என் மேசைமேல் ஒரு வசனக் காலண்டர்கூட வைக்காமல் இருக்கிறேன். ஊரில் பெரிய மாமாவுக்கு இது பெரிய மனக்குறை. "எத்தனை பேரு உன் முன்னால வந்து உக்காருதாங்க! ஆண்டவர் கொடுத்த வாய்ப்புல்லா? ஒரு சுவிசேஷக் கைப்பிரதியாவது கொடுக்கக் கூடாதா?" என்று போனில் கேட்டார்.

கூடாது மாமா என்றுதான் சொன்னேன். என் எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குப் பணம் வேண்டும். வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார், தறிக்கு மோட்டார் மாற்ற வேண்டும், மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும். அந்த நேரத்தில் நான் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வார். ஜெபிக்கட்டுமா என்றால் தலையாட்டுவார். என் கையெழுத்துக்குக் காத்திருக்கிறவரிடம் விசுவாசத்தைப் பேசினால், கடன் நிபந்தனைகளில் அதுவும் ஒன்று என்றுதான் அவர் காதில் விழும். அதே மாற்கு 10இல் ஐசுவரியவான் ஒருவன் துக்கத்தோடு திரும்பிப் போகிறான். இயேசு அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று எழுதியிருக்கிறது, ஆனால் அவனைப் பிடித்து நிறுத்தவில்லை. 'மாட்டேன்' என்று சொல்ல முடிகிற இடத்தில் சொன்னால்தான் அது சுவிசேஷம். என் மேசை அந்த இடம் இல்லை. மாமா சமாதானமாகவில்லை, இன்றைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

மேசையில் செய்ய வேண்டிய ஊழியம் வேறு. ஒரு நாள் டுவாக்ரா என்கிற மகளிர் சுயஉதவிச் சங்கத்துப் பெண் ஒருவர், இறந்துபோன கணவரின் கணக்கை மூட வந்தார். திருத்தணிக்கு ஆடிக் கிருத்திகையில் காவடி எடுக்கிற குடும்பம். கணவர் தறி ஓட்டியவர், நாற்பதைத் தாண்டின வயது, மாரடைப்பு. கணக்கில் கிடந்தது சொற்பம். பாஸ்புக்கைப் புரட்டினேன். மே மாதக் கடைசியில் 436 ரூபாய் கழிந்திருந்தது, அடுத்த வரியில் 20 ரூபாய். வங்கி வேலையில் இருப்பவருக்கு இந்த இரண்டு தொகையும் பார்த்தவுடன் தெரியும். 436 என்பது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி ஆயுள் காப்பீடு, 20 என்பது விபத்துக் காப்பீடு. வியாதியில் இறந்தாலும் முதலாவதில் நாமினிக்கு 2 லட்சம் ரூபாய் உண்டு. கணக்குத் தொடங்கும்போது நீட்டின படிவங்களோடு அவர் இதிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். மனைவிக்கு ஒன்றும் தெரியாது. கணக்கை மூடிவிட்டுப் போயிருந்தால் அந்தப் பணத்தைக் கேட்க ஆளே இருந்திருக்காது.

கணக்கை இப்போது மூட வேண்டாம், உட்காருங்கள் என்றேன். எளிதாக முடியவில்லை. ஆதாரில் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப் பெயர் முன்னால் இருந்தது. வங்கியில் அப்பா பெயரின் இனிஷியல். இறப்புச் சான்றிதழில் இரண்டுமே இல்லை. மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சான்று வாங்க அலைய வேண்டும், தெலுங்கில் மனு எழுத வேண்டும். அந்த அம்மாவின் சம்மதம் கேட்டு, தார் சுற்றும் அக்காவைத் துணைக்கு அனுப்பினேன். அன்றைய கூலியை விட்டுவிட்டு அக்கா போனார். ஒரு முறை இல்லை, காகிதம் கைக்கு வரும்வரை போனார். பணம் கணக்கில் ஏறியது. வட்டிக் கடன் அடைந்தது, மகன் ஐடிஐயில் சேர்ந்தான்.

அப்புறம் ஒரு நாள், கரண்ட் போன சாயந்தரம், அந்த அம்மா எங்கள் தெருவுக்கு வந்திருந்தவர் வாசலில் உட்கார்ந்தார். கடனும் இல்லை, படிவமும் இல்லை. "அந்த அக்காவுக்கும் உங்களுக்கும் எங்க மேல எதுக்கு இவ்ளோ அக்கறை?" என்று கேட்டார். அப்போது சொன்னேன். இயேசு எனக்கு யார், பசியாயிருந்தவனுக்கும் அந்நியனுக்கும் செய்ததைத் தமக்கே செய்ததாக அவர் ஏற்றுக்கொள்வது எப்படி என்று, மத்தேயு 25ஐ எனக்குத் தெரிந்த பேச்சுத் தமிழில் சொன்னேன். கடைசிவரை கேட்டார். நிறையக் கேள்வியும் கேட்டார். இப்போதும் காவடிக்குப் போகிறார், எங்கள் வீட்டுக்கும் வருகிறார். போன கிறிஸ்துமஸுக்கு முறுக்கு மாவு பிசைந்தது அவர்தான்.

அந்த 436 ரூபாய் சபையில் பெரிய பேச்சாகிவிட்டது. இந்தக் காப்பீடு ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரைக்கும்தான். பணம் கழியும் நேரத்தில் கணக்கில் இருப்பு இல்லையென்றால் விட்டுப்போகும். கூலி நெசவுக்காரர் கணக்கில் மே மாதம் பல தடவை இருப்பு இருக்காது. பெண்கள் ஐக்கியத்தில் இதை எடுத்துப் பேசியது செயலாளர் அக்கா. வருஷா வருஷம் மே பிறந்ததும் இரண்டிரண்டு பேராகத் தெருத் தெருவாகப் போகிறார்கள். சபையார் வீடு, மற்றவர் வீடு என்று பார்ப்பதில்லை. கைப்பிரதி கொண்டுபோவதில்லை என்பதும் அவர்களே எடுத்த முடிவு. ஐம்பது வயதுக்கு உட்பட்டவர் யார், இன்னும் சேராதவர் யார், நாமினி பெயர் சரியாக இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். போன மே மாதம் காவடிக் குடும்பத்து அம்மாவும் அவர்களோடு கிளம்பினார். தன் கணவரின் பாஸ்புக்கைப் பிரித்து, பார்க்க வேண்டிய வரியைக் காட்டி, கணக்கில் 456 ரூபாய் போட்டு வைக்கச் சொல்வது இப்போது அவர் வேலை.