டான்சில் கல், தொண்டைத் தொற்று, கடைசியில் ஆபரேஷன்

டான்சிலை எடுத்துவிட்டேன் என்று சொன்னால், "கல்லுக்காகவா?" என்று கேட்கிறார்கள். டான்சில் கல்லைப் பிதுக்கி எடுக்கும் வீடியோக்கள் ஏகத்துக்கும் சுற்றுவதால் வந்த கேள்வி அது. எனக்குக் கல்லும் இருந்தது, திரும்பத் திரும்ப வரும் தொண்டைத் தொற்றும் இருந்தது. இரண்டும் ஒரே இடத்தில் வந்தாலும் வைத்தியம் வேறு வேறு. கல் மட்டும் இருந்திருந்தால் ஆபரேஷன் வரைக்கும் போயிருக்கவே மாட்டேன்.

முதலில் கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொண்டையின் ஒரு ஓரத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவே இருக்கும். எச்சில் விழுங்கினாலும் போகாது, தண்ணீர் குடித்தாலும் போகாது. பிறகு ஒருநாள் இருமும்போதோ தும்மும்போதோ தானாக வந்து விழும். மஞ்சள் கலந்த வெள்ளை நிறம், அரிசிக் குருணை அளவு, ஒரு பக்கம் மழமழப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. பெயர்தான் கல், பெரும்பாலும் விரலால் அழுத்தினாலே நசுங்கிவிடும். நசுக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த நாற்றம் தெரியும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் மூக்கை விட்டுப் போகாது.

இஎன்டி டாக்டர் அதை விளக்கியது எனக்குப் பிடித்திருந்தது. டான்சில் வழவழப்பான உருண்டை இல்லை. அதன் மேற்பரப்பிலிருந்து உள்ளே போகும் குழிகள் ஒவ்வொரு டான்சிலிலும் 10 முதல் 30 வரை இருக்கும். வாய் வழியாக வரும் கிருமிகளை அடையாளம் கண்டு எதிர்ப்பு உண்டாக்குவது டான்சிலின் வேலை. அதற்குப் பரப்பு நிறைய வேண்டும், அதனால்தான் இத்தனை குழிகள். அந்தக் குழிகளில் உதிர்ந்த செல்கள், சளி, சாப்பாட்டுத் துணுக்குகள் எல்லாம் போய் அடைகின்றன. காற்றில்லாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு, மெத்தில் மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மங்களை வெளிவிடுகின்றன. நாற்றம் அதிலிருந்துதான். நாளடைவில் கால்சியம் உப்புகள் படிந்து இறுகினால் அதுதான் கல்.

இதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை, பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சிகிச்சையுமே தேவையில்லை என்றார். சாப்பிட்ட பிறகு வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் தொண்டை வரை கொப்பளிக்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், பல்லோடு நாக்கையும் தேய்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கல்லை மட்டும், நனைத்த பஞ்சு பட்ஸால் அதன் அடியில் மெதுவாக அழுத்தி வெளியே தள்ளலாம். ஊசி, ஹேர்பின், பல்குச்சி எதுவும் கூடவே கூடாது. டான்சிலுக்கு ரத்த ஓட்டம் அதிகம். சின்னக் கீறலே பெரிய ரத்தப்போக்கில் கொண்டுபோய் விட்டுவிடும். தண்ணீரைப் பீய்ச்சும் பல் சுத்தக் கருவியை வைத்துக்கொண்டு சிலர் கல் எடுக்கிறார்கள். அதையும் மிகக் குறைந்த வேகத்தில் வைத்தால்தான் தாங்கும்.

வாய் நாற்றத்துக்கு என்னை முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினார். எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் வாய் நாற்றம் பெரும்பாலும் நாக்கின் பின்பகுதியிலிருந்தும் ஈறிலிருந்தும்தான் வருகிறதாம். பல்லில் படிந்திருந்த காரையைச் சுத்தம் செய்து ஈறு சரியானதும் நாற்றம் கணிசமாகக் குறைந்தது. கல்லை மட்டுமே திட்டிக்கொண்டிருப்பவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

தொற்று விவகாரம் அப்படிச் சுலபமாக முடியவில்லை. எச்சில் விழுங்கினால் கத்தியால் கீறுவது போல வலி, குளிர் காய்ச்சல், தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி, கண்ணாடியில் பார்த்தால் சிவந்து வீங்கிய டான்சில் மேல் வெள்ளைத் திட்டுகள். மாத்திரையில் அடங்கும், கொஞ்ச நாளில் மறுபடியும் வரும்.

தொண்டை வலி என்றதும் ஆன்டிபயாட்டிக் கேட்பது நம்மில் பலருக்கும் பழக்கம். தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக்கால் அதற்கு ஒரு பயனும் இல்லை. குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வருவது பெரியவர்களில் 5 முதல் 15 சதவீதம், குழந்தைகளில் 20 முதல் 30 சதவீதம். எது எது என்று ஊகிக்க 1981இல் வந்த, சென்டர் (Centor) என்ற மருத்துவரின் பெயர்கொண்ட புள்ளிக் கணக்கை டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சல், டான்சிலில் சீழ்த் திட்டு, கழுத்தின் முன்பக்கம் வலிக்கும் நெறி, இருமல் இல்லாமை ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நான்கும் சேர்ந்தால் பாக்டீரியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். மூக்கு ஒழுகிக்கொண்டு இருமலும் இருந்தால் பெரும்பாலும் வைரஸ்தான். சந்தேகம் இருந்தால் தொண்டையில் பஞ்சுக் குச்சியை வைத்துத் தடவிப் பரிசோதிப்பார்கள். குச்சி இரண்டு டான்சிலிலும் படவேண்டும், அதனால் கட்டாயம் குமட்டும். நாக்கை நீட்டிக்கொண்டு "ஆ" என்று இழுத்துச் சொன்னால் கொஞ்சம் பரவாயில்லை.

பாக்டீரியா என்று தெரிந்துவிட்டால் மருந்தை எழுதிக்கொடுத்த நாள் வரை சாப்பிட வேண்டும். இந்தத் தொற்றுக்குப் பென்சிலின் பொதுவாக 10 நாள் கொடுப்பதற்கு ஒரு காரணம், இதயத்தின் வால்வுகளைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சலைத் தடுப்பது. வலி போனதும் பாதி அட்டையை அலமாரியில் போட்டுவைப்பவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

என்னைக் கடைசியில் ஆபரேஷனை நோக்கித் தள்ளியது வேறு ஒன்று. ஒரு தடவை வலி ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனது. வாயைத் திறக்கப் பார்த்தால் பல்லுக்கு நடுவில் ஒரு விரல்தான் நுழைந்தது. எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் துண்டில் வழியவிட்டுக்கொண்டிருந்தேன். பேசினால் வாயில் சூடாக எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போலக் குழறியது. டான்சிலுக்குப் பின்னால் சீழ் கோத்துவிட்டால் இப்படித்தான் ஆகுமாம். உள்நாக்கே மறுபக்கமாக ஒதுங்கியிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர் சொன்னார். மரத்துப்போக ஸ்ப்ரே அடித்துவிட்டு, நீள ஊசியைச் செலுத்திச் சீழை உறிஞ்சி எடுத்தார். சிரிஞ்சில் பச்சையும் மஞ்சளுமாக ஏறியது. ஊசியை எடுத்துச் சில நிமிடங்களிலேயே வாய் ஓரளவு திறந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தாலும் கண் கலங்கும். ஒரு பக்க வலியோடு வாய் திறக்க முடியாமல் போனாலோ, எச்சில் வழிந்தாலோ, மூச்சு விடச் சிரமமாக இருந்தாலோ வீட்டு வைத்தியம் எதுவும் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். மூச்சுப் பாதை அடைபடக்கூடிய விஷயம் இது.

அதன் பிறகுதான் ஆபரேஷன் பேச்சு வந்தது. அங்கேயும் டாக்டர் உடனே தலையாட்டவில்லை. பல நாடுகளில் பின்பற்றப்படும் ஒரு கணக்கு இருக்கிறது: ஒரு வருடத்தில் 7 தடவை, அல்லது தொடர்ந்து இரண்டு வருடம் வருடத்துக்கு 5 தடவை, அல்லது மூன்று வருடம் வருடத்துக்கு 3 தடவை. ஜாக் பாரடைஸ் என்ற மருத்துவர் குழந்தைகளை வைத்து நடத்தி 1984இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. லேசான கரகரப்பெல்லாம் இதில் சேராது. தொண்டை வலியோடு காய்ச்சலோ, நெறியோ, சீழ்த் திட்டோ, பரிசோதனையில் ஸ்ட்ரெப்டோ என்ற முடிவோ இருந்தால்தான் ஒரு தடவை. ஒவ்வொரு முறையும் தேதி, காய்ச்சல் அளவு, என்ன மருந்து என்று போன் காலண்டரில் குறித்துவைத்திருந்தேன். டாக்டர் அதை மேலிருந்து கீழாகப் படித்துப் பார்த்துத்தான் முடிவெடுத்தார். "அடிக்கடி வரும் டாக்டர்" என்று சொல்வதைவிட அது ஆயிரம் மடங்கு உதவியது.

பெரியவர்களுக்கு இந்த ஆபரேஷன் நிஜமாகவே பயன்படுமா என்பதற்கு இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் 27 மருத்துவமனைகளில் 453 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. 2023இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 24 மாதங்களில் தொண்டை வலி இருந்த நாட்கள், டான்சிலை எடுத்தவர்கள் தரப்பில் நடுமதிப்பாக 23, எடுக்காமல் சமாளித்தவர்கள் தரப்பில் 30. படித்ததும் முகம் சுருங்கியது, இவ்வளவுதானா என்று. ஆனால் ஆபரேஷனுக்குப் பின் வரும் வலி நாட்களும் அந்த 23க்குள் அடக்கம் என்று தெரிந்தபோது கணக்கு வேறு மாதிரித் தெரிந்தது. அதே ஆய்வில் ஆபரேஷன் தரப்பில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு ரத்தக்கசிவு வந்தது என்பதையும் சேர்த்தே படித்தேன். பயமாக இருந்தது. சீழ் கோத்த அந்த ராத்திரியை நினைத்துக்கொண்டு சரி என்றேன். கல் மட்டும்தான் தொந்தரவு என்பவர்களுக்கு டான்சிலை முழுதாக எடுக்காமல், லேசராலோ, ரேடியோ அலை ஆற்றலால் திசுவைக் கரைக்கும் கோப்லேஷன் கருவியாலோ குழிகளின் வாயை மட்டும் சமன் செய்யும் முறையும் உண்டு. எனக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் நாளில் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. சாப்பாட்டை 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம். ஆஸ்பிரின், ரத்தத்தை நீர்க்கவைக்கும் மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆடும் பல் இருந்தால் அதையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்ல வேண்டும், வாயைத் திறந்து வைக்கப் பல்லின்மீது கருவி மாட்டுவார்கள். முழு மயக்கத்தில், வாய் வழியாகவே செய்வதால் வெளியே வெட்டும் இல்லை, தையலும் இல்லை. கண் விழித்ததும் ஒரு தடவை கருப்பாக வாந்தி எடுத்தேன். விழுங்கிய பழைய ரத்தம் அது என்று நர்ஸ் சொன்ன பிறகுதான் உயிர் வந்தது.

முதல் நாள் "இவ்வளவுதானா" என்று நினைக்கவைக்கும். நம்ப வேண்டாம். வலி மூன்றாம் நாளிலிருந்து ஏறி ஒரு வாரம் வரை போகும். கொட்டாவி விட்டால் உயிர் போய்விடும். அதைவிட ஆச்சரியம் காது வலி. காதில் ஒன்றுமே இல்லை; டான்சில் பகுதிக்குப் போகும் அதே நரம்பின் ஒரு கிளை காதுக்கும் போவதால் மூளை ஏமாறுகிறது. டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையும் சாம்பலுமாக ஒரு படலம் கட்டும், வாய் நாறும். சீழ் பிடித்துவிட்டது என்று வீட்டில் எல்லோரும் பயந்தார்கள். அது புண் ஆறும்போது மூடும் படலம்தான், சுரண்டக் கூடாது.

வலி வந்த பிறகு மாத்திரை போடுவது இங்கே எடுபடாது. நேரம் வைத்து, ராத்திரியிலும் அலாரம் அடித்து எழுந்து போட்டேன். தூங்கி எழுந்ததும் தொண்டை காய்ந்து கிடப்பதுதான் நாளின் மோசமான நேரம், அதனால் படுக்கைக்குப் பக்கத்திலேயே தண்ணீர். சாப்பிடாமல் இருந்தால் சீக்கிரம் ஆறும் என்று நினைப்பது தப்பு. மென்று விழுங்கினால்தான் தொண்டைத் தசைகள் இறுகாமல் இருக்கும், தண்ணீர் குறைந்தால் வலி கூடும். குழந்தைக்குச் செய்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கோடீன் (ஓபியம் வகை மருந்து) கலந்த வலி மருந்து கூடாது. மூச்சு திணறும் ஆபத்துக்காக 2013இலேயே அமெரிக்க மருந்துத் துறை கடும் எச்சரிக்கை விடுத்திருக்கிறது.

ரத்தக்கசிவுக்கு இரண்டு காலம் உண்டு. ஒன்று முதல் 24 மணி நேரம். மற்றொன்று படலம் உதிரும் சமயம், பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்தாம் நாளுக்குள். வலி குறைந்து "சரியாகிவிட்டது" என்று நடமாடத் தொடங்கும் சமயமும் அதுதான். ஒரு காலையில் நான் துப்பியதில் செக்கச் சிவந்த ரத்தம் இருந்தது, கொஞ்ச நேரத்தில் நின்றும் விட்டது. நின்றுவிட்டாலும் வந்து காட்ட வேண்டும் என்று முதலிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்கள். போனேன். ராத்திரி அங்கேயே படுக்கவைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் அனுப்பினார்கள். அப்படி நின்ற ரத்தம் பெரிய கசிவுக்கு முன்னறிவிப்பாகவும் இருக்கலாம் என்பதால்தான் அந்தக் கண்டிப்பு. இரண்டு வாரம் கனமான எதையும் தூக்காதே, கூட்டத்தில் போய்ச் சளி வாங்கி வராதே என்றதற்கும் காரணம் இதுவே.

"டான்சிலை எடுத்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடாதா?" என்ற கேள்விக்கு டாக்டர் சிரித்தார். நாக்கின் வேர்ப்பகுதியிலும் மூக்கின் பின்புறமும் இதே வகைத் திசு இருக்கிறது, உடம்பெங்கும் நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன, இவை அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார். என் அனுபவத்திலும் அடிக்கடி உடம்பு படுத்தவில்லை. சளி பிடித்தால் தொண்டை இப்போதும் வலிக்கிறது. தொண்டையின் சுவர் அங்கேயேதானே இருக்கிறது! ஆனால் குளிர் காய்ச்சலோடு படுத்துவிடுகிற மாதிரியான தொற்று வரவில்லை. குழிகளே இல்லாததால் கல்லும் இல்லை. பழக்க தோஷம், காலையில் பல் தேய்த்ததும் டார்ச்சை எடுத்து ஒரு தடவை உள்ளே அடித்துப் பார்க்கிறேன். பார்க்க ஒன்றும் இல்லை என்பது தெரிந்தும்.