தண்ணீர்ப் பந்தல் தளமும் காலியாக இருந்த லாக்கும்

பினாங்கில் தைப்பூசம் என்றால் தேர் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் குழுவும் வருடா வருடம் ஒன்று போடுகிறது. அரிசி, பால், கைவேலைக்கு ஆள் என்று யார் எதைத் தருகிறார்கள் எனப் பதிந்துகொள்ள ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் இணையத்தளம் கட்ட உதவும் கருவி) ஒரு சின்ன இணையத்தளம் எழுதிக் கொடுத்திருந்தேன். முன்னால் வருகிற கோரிக்கைகளை வாங்கும் என்ஜின்எக்ஸ், பின்னால் ஜாங்கோவை ஓட்டும் குனிகார்ன், 25 ஜிபி டிஸ்க் உள்ள ஒரு வாடகை சர்வர்.

பூசத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். “தம்பி, ரெண்டு மூட்டை அரிசி தர்றேன்னு நேத்து ராத்திரி ஒம்பது மணிக்கு மேல பதிஞ்சேன். பட்டியல்ல என் பேரே இல்லையாமே?”

வந்த கோரிக்கைகளை என்ஜின்எக்ஸ் குறித்துவைக்கும் ஆக்சஸ் லாக்கில் இரவு 9.14-க்கு ஒரு பதிவு 500 பிழையோடு (சர்வருக்குள் கோளாறு) நின்றது. ஏன் என்று ஆப்பின், அதாவது ஜாங்கோ தளத்தின், லாக்தான் சொல்ல வேண்டும். பதிவு.லாக் கோப்பைப் பார்த்தால் பூஜ்யம் பைட். பக்கத்திலேயே பதிவு.லாக்.1, 14 ஜிபி. டிஸ்க் 97 சதவீதம் நிரம்பியிருந்தது.

இங்கேதான் தவறு செய்தேன். ‘.1’ என்றால் சுழற்றி ஒதுக்கிய பழைய லாக் என்று நினைத்து அழித்துவிட்டேன். இடம் துளிகூடக் கூடவில்லை. கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளையின் கணக்குப்படி 14 ஜிபி குறைந்திருந்தது. டிஸ்க்கில் நிரம்பிய இடத்தைச் சொல்லும் டிஎஃப் அதே 97 சதவீதத்தைக் காட்டியது. குனிகார்னை ரீஸ்டார்ட் செய்யப் போனவன், ஏதோ உறுத்தவே நிறுத்திவிட்டு, திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் எல்எஸ்ஓஎஃப் கட்டளையில், அழித்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் ‘+எல்1’ போட்டுப் பார்த்தேன். அழித்த கோப்பை குனிகார்ன் இன்னும் திறந்து வைத்திருந்தது. அதில் எழுதிக்கொண்டும் இருந்தது.

காரணம் இதுதான். எல்லா லாக்கும் ஒரே இடத்தில் இருந்தால் வசதி என்று ஆப்பின் லாக்கையும் என்ஜின்எக்ஸின் லாக் ஃபோல்டரிலேயே வைத்திருந்தேன். உபுண்டு லினக்ஸில் என்ஜின்எக்ஸோடு வரும் லாக்ரொட்டேட் (பழைய லாக்கை ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் கருவி) அமைப்பு, அந்த ஃபோல்டரில் ‘.லாக்’ என்று முடியும் எல்லாவற்றையும் தினம் சுழற்றும். பெயரை மாற்றிவிட்டு, புதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கி, “திரும்பத் திற” என்று என்ஜின்எக்ஸுக்கு மட்டும் சிக்னல் அனுப்பும். என் ஆப்புக்கு யாரும் சொல்லவில்லை. லினக்ஸில் ஒரு கோப்பைத் திறந்த ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அதன் பெயரை அல்ல, டிஸ்க்கில் அந்தக் கோப்பின் உள் அடையாளமான ஐனோடைப் பிடித்துக்கொண்டிருக்கும். பெயர் மாறினாலும், அழித்தே விட்டாலும் அந்தப் பிடி விடாது. அதனால் ஆப் ‘.1’-லேயே எழுதிக்கொண்டிருந்தது. புதுக் கோப்பு காலியாகவே கிடந்தது. காலிக் கோப்பைச் சுழற்றாதே என்றும் அந்த அமைப்பில் இருப்பதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் எதுவும் நகரவில்லை. போதாததற்கு, சின்னச் சின்ன விவரத்தையும் லாக்கில் எழுதும் டீபக் நிலையை நான் அணைக்க மறந்திருந்தேன். ‘.1’ அப்படித்தான் ஊதியது.

ரீஸ்டார்ட் செய்திருந்தால் அத்தனையும் போயிருக்கும். ப்ராசஸ் உயிரோடு இருக்கும் வரை, லினக்ஸின் ப்ராக் ஃபோல்டரில் அதன் எண்ணுக்குக் கீழே, திறந்த கோப்புகளின் பட்டியலான எஃப்டி வழியாக அழித்த கோப்பையும் படிக்கலாம். 14 ஜிபியை நகலெடுக்க சர்வரில் இடம் ஏது? வரிகளைத் தேடியெடுக்கும் கிரெப் போட்டு, பிழை வரிகளை மட்டும் எஸ்எஸ்எச் இணைப்பு வழியாக என் மடிக்கணினிக்கு இழுத்தேன். தேடும்போது இன்னொரு குழப்பம்: 9.14-க்கு ஆப் லாக்கில் ஒன்றுமே இல்லை. என்ஜின்எக்ஸ் மலேசிய நேரத்தில் எழுதுகிறது. ஜாங்கோவை நான் உலகப் பொது நேரமான யுடிசியிலேயே விட்டிருந்தேன். இரவு 9.14, அதாவது 21.14-லிருந்து எட்டு மணி நேரம் குறைத்து 13.14-ல் தேடியதும் கிடைத்தது. போன் எண்ணை +60 போட்டு, இடைவெளியும் விட்டு எழுதியிருந்தார் அக்கா. டேட்டாபேஸில் அந்தக் கட்டம் அவ்வளவு நீளத்தை ஏற்கவில்லை. அதே பிழையில் மொத்தம் 17 பேர் விழுந்திருந்தார்கள். பிழை வரும்போது படிவத்தையும் லாக்கில் எழுதும்படி வைத்திருந்ததால் பெயரும் எண்ணும் முழுதாக இருந்தன.

சரிசெய்தது அதிக நேரம் எடுக்கவில்லை. போன் கட்டத்தை நீட்டி, டீபக்கை அணைத்து, ஆப் லாக்குக்குத் தனி ஃபோல்டரும் தனி லாக்ரொட்டேட் விதியும் கொடுத்தேன். பைத்தானில் வாட்ச்டுஃபைல்ஹேண்ட்லர் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு முறை எழுதும் முன்பும் ஐனோடு மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் புதுக் கோப்பைத் திறந்துகொள்ளும். அதற்கு மாறினேன். லாக்கை நகலெடுத்துவிட்டு அதே கோப்பைக் காலி செய்யும் காப்பிட்ரங்கேட் போடு என்று ஒரு நண்பர் சொன்னார். நகலெடுப்பதற்கும் காலி செய்வதற்கும் நடுவே சில வரிகள் தொலையலாம் என்று அதன் கையேடே சொல்கிறது. எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் நேரத்தை இரண்டு பக்கமும் மலேசிய நேரமான +0800 ஆக்கினேன். என்ஜின்எக்ஸ் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரும் அடையாள எண்ணை ஹெடரில் ஆப்புக்கு அனுப்பி, இரு லாக்கிலும் எழுத வைத்தேன்.

ரீஸ்டார்ட் முடிந்ததும் காத்திருக்காமல், லாக்ரொட்டேட்டை வலுக்கட்டாயமாக ஓடவிட்டு, நானே ஒரு பதிவு போட்டுப் பார்த்தேன். ‘.1’ அசையவில்லை, புதுக் கோப்பில் வரி விழுந்தது. அன்று சாயங்காலமே 17 பேரையும் கூப்பிட்டுப் பேசினேன். முதல் அழைப்பு பட்டர்வொர்த் அக்காவுக்கு.