செய்முறைத் தேர்வுக்கு ஃபோட்டோ எடிட்டிங்: ப்ரீசெட் எப்போது, ப்ளக்-இன் எப்போது?

ஏற்காடு பகோடா பாயிண்டின் பனிமூட்டம், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசு. சேலத்தில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பவர்கள் செய்முறைத் தேர்வுக்கு எடுத்துவைக்க நல்ல படங்கள். எடிட்டிங்கில் எளிதாகக் கெட்டுப்போவதும் இவைதான். படம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. "இந்த நிறத்தை எங்கே மாற்றினாய்?" என்று தேர்வாளர் கேட்டால் அந்த ஸ்லைடரைத் திறந்து காட்ட முடிய வேண்டும்.

ப்ரீசெட் படத்தைத் தொடுவதில்லை. அது ஸ்லைடர் எண்களின் குறிப்பு மட்டுமே. எடிட்டிங் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக் அந்த எண்களைக் கேட்டலாக் என்ற தன் பதிவேட்டில் வைத்துக்கொள்ளும், கேமரா பதிந்த மூலக் கோப்பான ரா ஃபைல் அப்படியே இருக்கும். ஆனால் ப்ரீசெட்டின் எண் நீங்கள் வைத்த எண்ணோடு கூடாது. அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் உட்காரும். எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) +0.70 ஏற்றிய படத்தில், 0 என்று பதிந்த ப்ரீசெட்டைப் போட்டால் உங்கள் திருத்தம் போய்விடும். இரண்டு ப்ரீசெட்டை அடுத்தடுத்துப் போட்டால், இரண்டாவதில் பதியாத ஸ்லைடர்கள் முதலாவதின் எண்ணிலேயே நிற்கும். வரிசை மாறினால் படமும் மாறுவது இதனால்தான். ஆகவே ப்ரீசெட்டைச் சேமிக்கும்போது ஒயிட் பேலன்ஸ் (வெளிச்சத்தின் நிறச் சாயலைச் சரிசெய்வது), எக்ஸ்போஷர், க்ராப் மூன்றிலும் டிக்கை எடுத்துவிடுங்கள். டோன் கர்வ், கலர் மிக்ஸர், க்ரெயின் போதும்.

கொலுசுப் படத்தில் இது இன்னும் முக்கியம். வெள்ளி சுற்றியிருக்கும் நிறத்தை வாங்கிக் காட்டும். அதன்மேல் மஞ்சள் சாயல் ஏற்றும் வார்ம் ப்ரீசெட்டும் விழுந்தால் பித்தளைபோல் ஆகிவிடும். அதே வெளிச்சத்தில் முதல் ஷாட்டில் கிரே கார்டை (சாம்பல் நிற அட்டையை) வைத்து எடுங்கள். டபிள்யூ விசையை அழுத்தி அந்தக் கார்டில் க்ளிக் செய்து, கிடைத்த ஒயிட் பேலன்ஸை மற்ற படங்களுக்கும் சிங்க் செய்யுங்கள். ப்ரீசெட் அதற்குப் பிறகு.

பனிமூட்டத்தில், மூட்டத்தைக் குறைக்கும் டீஹேஸ் ஸ்லைடரை +40 வரை இழுத்தால் பனியே போய்விடும், நிழலில் நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கிளம்பும். முன்னால் இருக்கும் கற்குவியலுக்கு மட்டும் மாஸ்க் போட்டு +10 கொடுத்துப் பாருங்கள்.

ப்ளக்-இன் என்பது லைட்ரூமோடும் ஃபோட்டோஷாப்போடும் சேர்த்து நிறுவும் கூடுதல் மென்பொருள். அதன் கதை வேறு. லைட்ரூமிலிருந்து நேராக அனுப்பினால், அதுவரை செய்ததெல்லாம் பிக்ஸலாக இறுகிப் புதிய டிஃப் (TIFF) படக் கோப்பு ஒன்று உருவாகும். 24 மெகாபிக்ஸல், மூன்று சேனல், 16 பிட்: கம்ப்ரஸ் செய்யாமல் சுமார் 144 எம்பி. இடத்தை மிச்சம்பிடிக்க 8 பிட்டுக்கு இறங்காதீர்கள். பனியின் மெல்லிய சாம்பல் நிறம் பட்டை பட்டையாகப் பிரியும். பிறகு ராவில் ஒயிட் பேலன்ஸை மாற்றினாலும் அந்த டிஃப் மாறாது. எனவே அடிப்படைத் திருத்தங்களும் ப்ரீசெட்டும் முடிந்த பின்பே ப்ளக்-இன். ரா ஃபைலிலேயே நாய்ஸ் குறைக்கும் ப்ளக்-இன் மட்டும் விதிவிலக்கு, அது முதலில்.

இதைவிட நல்ல வழி இருக்கிறது. படத்தில் ரைட் க்ளிக் செய்து, எடிட் இன் மெனுவில் ஸ்மார்ட் ஆப்ஜெக்டாக (ராவை உள்ளே அப்படியே வைத்திருக்கும் லேயராக) ஃபோட்டோஷாப்பில் திறங்கள். இப்போது ப்ளக்-இன் லேயருக்குக் கீழே ஸ்மார்ட் ஃபில்டராக நிற்கும்; பெயரை டபுள் க்ளிக் செய்தால் செட்டிங் மறுபடி திறக்கும். லேயரின் தம்ப்நெயிலை டபுள் க்ளிக் செய்தால் ராவின் ஸ்லைடர்கள் உள்ள கேமரா ரா திறக்கும். மெனுவில் மங்கலாகத் தெரியும் ப்ளக்-இன் ஸ்மார்ட் ஃபில்டராக வேலை செய்யாது. அதற்கு லேயரை நகலெடுத்து, நகலை ராஸ்டரைஸ் செய்துதான் (பிக்ஸலாக மாற்றித்தான்) போட வேண்டும். சேமித்த டிஃப்பை லைட்ரூமிலிருந்து மீண்டும் திறக்கும்போது எடிட் ஒரிஜினல் கொடுங்கள். லைட்ரூம் அட்ஜஸ்ட்மென்ட்டோடு காப்பி என்பதைக் கொடுத்தால், திறக்கும் காப்பியில் லேயர்கள் எல்லாம் ஒன்றாகிவிடும்.

தேர்வு அறைக் கணினியில் உங்கள் ப்ளக்-இன் இருக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே அந்த ஸ்மார்ட் ஃபில்டரின் செட்டிங் திறக்காது. ப்ரீசெட்டை எக்ஸ்எம்பி (எண்களைப் பதிந்துவைக்கும் சிறு கோப்பு) ஃபைலாகப் பென்டிரைவில் கொண்டுபோகலாம். லைட்ரூமில் கன்ட்ரோல்+எஸ் கொடுத்தால் ராவுக்குப் பக்கத்திலேயே படத்தின் எண்களும் எக்ஸ்எம்பியாகப் பதியும். ராவையும் இந்த எக்ஸ்எம்பியையும் சேர்த்தே காப்பி செய்யுங்கள். ஷார்ப்பனிங்கை அன்ஷார்ப் மாஸ்க்கில் கையால் செய்யவும் பழகுங்கள். கொலுசுக்கு ரேடியஸ் 1 பிக்ஸலுக்குள் தொடங்கி 100% ஜூமில் பாருங்கள்; கண்ணிகளின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்தால் அமவுண்டைக் குறையுங்கள்.