மார்ச் 31-க்குள் 22 புத்தகங்கள்

மார்ச் 30-ஆம் தேதி பொழுதோட ஐந்தரை மணிக்குத்தான் கடைசி பில்லில் கையெழுத்து விழுந்தது. மறுநாளும் தாண்டியிருந்தால் நூலகத்துக்கு ஒதுக்கிய பணம் அப்படியே திரும்பிப் போயிருக்கும். அந்தப் படபடப்பு இன்னும் அடங்கவில்லை. அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பு யார் தலையில் விழுந்தாலும் அவருக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். எல்லாத் துறைகளுக்கும் புதிய ஆய்வு நூல்கள் வாங்கும் வேலையை இந்த முறை நூலகரோடு சேர்த்து என்னிடம் கொடுத்தார்கள். வரலாறு முதல் தாவரவியல் வரை 22 தலைப்புகள். துறைத் தலைவர் கையெழுத்து, கமிட்டி, மூன்று கொட்டேஷன், செயலர் ஒப்புதல் எல்லாம் பத்து நாளில் முடிந்தன.

எனக்கு அதில் மனசுக்கு நெருக்கமானது ஒரே ஒரு புத்தகம். முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி, பள்ளிபாளையத்துக்காரி. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். தறிக்காரர்கள் வாங்கும் முன்பணமும் அது கடனாகக் கழுத்தைப் பிடிப்பதும்தான் அவள் புராஜெக்ட். கடனையும் கூலி உழைப்பையும் பற்றி பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்று கொண்டுவந்த புதிய நூலை அவள் இணையத்தில் பார்த்திருக்கிறாள். முன்னோட்டமாகக் காட்டிய முப்பது சொச்சம் பக்கங்களை போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு மேல் படிக்க வழியில்லாமல் நின்றாள். காங்கேயம் பக்கத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக்கின் கொங்கு நூல் வந்தது 1972-ல். திருப்பூர் பனியன் தொழிலைப் பற்றி சரத் சாரி எழுதியது வந்தது 2004-ல். இரண்டும் எங்கள் நூலகத்தில் கிடையாது. நம்மைப் பற்றி எழுதியதே நம் கைக்கு வரவில்லை என்ற ஆற்றாமை எனக்கு நெடுநாளாக உண்டு.

முதல் தவறு எங்களுடையது. பரிந்துரைப் படிவத்தில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மட்டும் இருந்தன; நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். கேட்கவே இல்லை. ஒரே நூலின் கெட்டி அட்டைக்கு ஓர் எண், பேப்பர்பேக்குக்கு ஓர் எண், இந்தியப் பதிப்புக்கு இன்னொன்று. அந்த 13 இலக்கம் இல்லையென்றால் சப்ளையர் தனக்குத் தோதானதை அனுப்புவார். அதுதான் நடந்தது. பள்ளிபாளையத்து மாணவி கேட்ட நூலுக்கு 85 பவுண்டு விலையில் கெட்டி அட்டை வந்து இறங்கியது. நம் பணத்தில் ஒன்பதாயிரத்துக்கு மேல். அதே நூலின் தெற்காசியப் பதிப்பு 995 ரூபாய்க்கு வந்துவிட்டதை பில் வந்த பிறகுதான் பார்த்தோம். ஆய்வு நூல்களை முதலில் நூலகங்களை நம்பிக் கெட்டி அட்டையில் உயர்ந்த விலைக்குப் போடுவார்கள். பேப்பர்பேக் ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ கழித்து வரும். எனவே ஆர்டர் போடும் நாளில் பதிப்பகத்தின் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்தால் பில்லோடு வைக்க விலைச் சான்றும் ஆயிற்று.

வேதியியல் துறை கேட்டது மூன்றாம் பதிப்பு. வந்தது இரண்டாம் பதிப்பு. அட்டை ஒன்றுபோலவே இருந்ததால் நூலகர் பதிவேட்டில் ஏற்றுவதற்கே போய்விட்டார். தலைப்புப் பக்கத்தின் பின்பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள், அங்கேதான் உண்மை இருக்கிறது. இன்னொன்றும் அங்கேதான் தெரியும்: ஆண்டுக் கடைசியில் வெளிவரும் நூல்களில் பல பதிப்பகங்கள் அடுத்த ஆண்டைப் போட்டுவிடும். ‘2024-க்குப் பின் வந்தவை மட்டும்’ என்று கமிட்டி விதி வைத்திருந்தால் இது கைகொடுக்கும்.

என்னை நிஜமாகவே கொதிக்க வைத்தது விலங்கியல் துறைக்கு வந்த நூல். மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்லுயிர் வளம் என்று தலைப்பு, விலை ஐயாயிரத்துக்கு மேல். திறந்தால் அத்தனையும் விக்கிப்பீடியாக் கட்டுரைகள்! ‘உள்ளடக்கம் விக்கிப்பீடியாவிலிருந்து’ என்று பொடி எழுத்தில் அவர்களே அச்சடித்திருக்கிறார்கள், சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆர்டர் வந்தால் மட்டும் ஒரு பிரதி அச்சடித்து அனுப்பும் இப்படிப்பட்ட நிறுவனங்களின் பெயர்கள் வெளிநாட்டுப் பெயர்களாக இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள். ஆசிரியர் எங்கே வேலை பார்க்கிறார், அந்த நூலுக்கு ஏதாவது ஆய்விதழில் மதிப்புரை வந்திருக்கிறதா என்று பார்த்தால் ஐந்து நிமிடத்தில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு கோயமுத்தூர் பஸ் ஏறினேன். சத்தி, புளியம்பட்டி, அன்னூர் தாண்டி காந்திபுரத்தில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். “மாத்தித் தாரேனுங்க சார், ஒரிஜினல் பில் வேணுமுங்க.” ஒரிஜினல் எங்கள் அக்கவுண்ட்ஸ் பிரிவில், என் கையில் ஜெராக்ஸ். கெஞ்சிப் பார்த்தேன், நடக்கவில்லை. மூன்று கெட்டி அட்டையையும் சுமந்துகொண்டு திரும்பி வந்து, மறுநாள் லீவு போட்டு மறுபடி போனேன். வேதியியல் நூலை மாற்றிக் கொடுத்தார்கள். 85 பவுண்டு நூலுக்குப் பதில் இந்தியப் பதிப்பும் கிடைத்தது. விக்கிப்பீடியாப் புத்தகத்துக்கு ஒரு மணி நேரம் வாதாடி, பில்லிலிருந்தே அடிக்க வைத்தேன்.

அடுத்தது நம் அக்கவுண்ட்ஸ். “ஏனுங் சார், ஜி.எஸ்.டி. இல்லாத பில்ல எப்படிங் பாஸ் பண்றது?” என்று குமாஸ்தா மூன்று நாள் உட்கார வைத்துவிட்டார். அச்சிட்ட புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. சரக்கு வகையைக் குறிக்கும் எச்.எஸ்.என். எண் 4901, வரி பூஜ்யம். இறக்குமதி நூலுக்கு 2019 பட்ஜெட்டில் போட்ட 5 விழுக்காடு சுங்க வரி வேறு சமாசாரம், அது பில்லில் தனியாக வராது. வரி அட்டவணையைப் பிரிண்ட் எடுத்து, 4901 இருக்கும் இடத்தை மஞ்சள் பேனாவால் கோடிட்டுக் கொண்டுபோய் வைத்த பிறகுதான் பில் நகர்ந்தது. அன்னியச் செலாவணி மாற்று விலையையும் ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்: பில் தேதியன்று ரிசர்வ் வங்கி விலையா, புத்தக விற்பனையாளர்களின் கமிட்டி அறிவிக்கும் ஜி.ஓ.சி. விலையா என்று. எழுதாமல் விட்டால் ஆடிட்டில் அந்த வித்தியாசத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் முந்திக்கொண்டோம். 22 தலைப்பில் மூன்று நூல்கள் திறந்த அணுக்கத்தில் (ஓப்பன் ஆக்சஸ்), யாரும் இணையத்தில் படிக்கும்படி இலவசமாகவே இருப்பதை ஆர்டருக்கு முந்தைய நாள் நூலகர் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட நூல்களைத் திரட்டி வைத்திருக்கும் டி.ஓ.ஏ.பி. என்ற இணையப் பட்டியலில் தலைப்பைப் போட்டுத் தேடினால் தெரிந்துவிடும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2015 முதல் லூமினோஸ் என்ற தன் திட்டத்தின் வழியாக முழு நூல்களை இலவசமாகத் தருகிறது. லண்டனின் யு.சி.எல். பதிப்பகமும் அதே ஆண்டு தொடங்கியதுதான். எம்.ஐ.டி. பதிப்பகம் 2021-ல் இதற்கென்று ஒரு திட்டமே தொடங்கியது. ‘அதான் ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன் வந்துருச்சே, புத்தகம் எதுக்குங்’ என்று கமிட்டியில் ஒருவர் கேட்டார். 2025 ஜனவரியில் தொடங்கிய அந்த மத்திய அரசுத் திட்டத்தில் இருப்பவை 13,000-க்கு மேற்பட்ட ஆய்விதழ்கள். அதுவும் அரசு நடத்தும் நிறுவனங்களுக்கு. எங்களைப் போன்ற சுயநிதிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

கணக்குப் பார்த்தால் ஆர்டர் போட்டது 19, முறையாகக் கைக்கு வந்தது 17. பள்ளிபாளையத்துப் பிள்ளை தினமும் நூலக வாசலில் நின்று “வந்துருச்சுங்களா சார்?” என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதிவேட்டு எண் போட்ட அன்றைக்கே முதல் ஆளாக அவள் பெயரில் எழுதிக் கொடுத்தோம். வைவாவுக்கு மூன்று வாரம் இருந்தது.

தாவரவியல் நூல் மட்டும் இன்னும் வரவில்லை. ஆர்டரை ரத்து செய்யாமல் புதிய ஆண்டுக் கணக்கில் ஏற்றச் சொல்லி முதல்வரிடம் கடிதம் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை போய்க் கேட்க வேண்டும்.